பழைய பெட்ரோல் காருக்கு சி.என்.ஜி. கிட்: குமரி ரோட்டில் கட்டுப்படியாகுமா?

2021-இல் பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியது. கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை பங்குகளில் கேரளப் பதிவெண் வண்டிகள் வந்து டேங்க் நிரப்பிப் போவதைப் பார்த்தால், அங்கே வரி நம்மைவிடக் கூடுதல் என்று ஓர் அற்ப ஆறுதல் கிடைக்கும். அந்த ஆறுதலை வைத்து டாக்ஸி டியூ கட்ட முடியாது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ஸ்டாண்டில் கிடக்கும் டிரைவர்கள் பேச்சு கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: இருக்கிற காருக்கே சி.என்.ஜி. (அழுத்தி அடைத்த இயற்கை வாயு) கிட் மாட்டிவிடலாமா?

இங்கே மதிப்பிடுவது 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் எம்.பி.எஃப்.ஐ. (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள) பெட்ரோல் காரில், கம்பெனியில் அல்லாமல் வெளிக் கடையில் பொருத்தும் சீக்வென்ஷியல் கிட், அதாவது எஞ்சின் சிலிண்டர் ஒவ்வொன்றுக்கும் முறைவைத்து வாயு செலுத்தும் கிட். வாயு நிரப்ப டிக்கியில் 60 லிட்டர் இரும்புச் சிலிண்டர். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மாதம் 2,500 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் நீண்ட ஓட்டமாக ஓடும் வண்டிக்கு இது நல்ல பொருள். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், சந்தை, கோயில் என்று ஓடும் காருக்குத் தண்டச் செலவு.

கணக்கு இப்படி. பெட்ரோல் 102 ரூபாய், சி.என்.ஜி. கிலோ 92 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விலை மாறினால் எண்ணை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். பெட்ரோலில் 16 கிலோமீட்டர் தரும் வண்டி, ஒரு கிலோ வாயுவில் 22 வரை தரும். ஒரு கிலோ சி.என்.ஜி.யில் ஏறக்குறைய 1.4 லிட்டர் பெட்ரோலுக்கான சக்தி இருக்கிறது, அவ்வளவுதான் ரகசியம். பெட்ரோலில் கிலோமீட்டருக்கு 6.40 ரூபாய், வாயுவில் 4.20 ரூபாய். மிச்சம் 2.20. அங்கீகாரம் பெற்ற கிட், பொருத்துக்கூலி, ஆர்.சி. வேலை எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய் ஆனால், போட்ட பணம் திரும்ப 27,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். மாதம் 3,000 ஓடும் டாக்ஸிக்கு ஒன்பது மாதம். மாதம் 600 ஓடும் வீட்டுக் காருக்கு நாலு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குள் முதல் ஹைட்ரோ டெஸ்ட் (வாயுச் சிலிண்டரில் தண்ணீர் ஏற்றி அழுத்தம் தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனை) செலவும் வந்துவிடும்.

வீட்டுக் காருக்கு இன்னொரு இடியும் உண்டு. சீக்வென்ஷியல் கிட்டில் எஞ்சின் எப்போதும் பெட்ரோலில்தான் ஸ்டார்ட் ஆகும். 200 பார் அழுத்தத்தில் வரும் வாயு, அழுத்தத்தைக் குறைக்கும் ரிடியூசரில் இரண்டு பார் அளவுக்கு இறங்கும்போது கடும் குளிர்ச்சி உண்டாகும். அது உறையாமலிருக்க எஞ்சின் கூலண்ட் ரிடியூசர் வழியாக ஓடுகிறது. ரிடியூசரின் சூடு ஏறக்குறைய 40 டிகிரியைத் தொட்ட பிறகுதான் வண்டி தானாக வாயுவுக்கு மாறும். இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்துகிற ஓட்டத்தில் பாதி பெட்ரோலிலேயே கழிந்துவிடும்.

இனி பொருத்துவது. கிட்டின் பெயரைவிடப் பொருத்துகிறவர் கைதான் முக்கியம். எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டில், ஒவ்வொரு எஞ்சின் சிலிண்டருக்கும் வாயு நுழையும் நாசிலுக்காக ஒரு துளை போட வேண்டும். மேனிஃபோல்டைக் கழற்றி வெளியே வைத்துத் துளை போடுகிறவர் மெக்கானிக். வண்டியிலேயே வைத்து டிரில் ஓட்டினால் அலுமினியத் துருவல் உள்ளே விழும், அது வால்வில் போய் உட்காரும். துளை பெட்ரோல் இன்ஜெக்டருக்குப் பக்கத்தில், வால்வைப் பார்த்துச் சாய்வாக இருக்க வேண்டும். நான்கு ரப்பர் குழாய்களும் ஒரே நீளத்தில், முடிந்த அளவு குட்டையாக இருக்க வேண்டும். ஒன்று நீண்டு ஒன்று குறுகியிருந்தால் ஐடிலில் (வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது) வண்டி நடுங்கும். மேனிஃபோல்டைக் கழற்ற மாட்டேன், மதியத்துக்குள் முடித்துத் தருகிறேன் என்று சொல்லும் கடையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பொருத்திய பிறகு லேப்டாப் மாட்டி டியூனிங். ஐடிலில் ஆட்டோ காலிப்ரேஷன் (கிட் தானாகவே அளவைச் சரிசெய்துகொள்வது) மட்டும் செய்துவிட்டுக் கொடுத்துவிடுவது பரவலான வழக்கம். போதாது. லேப்டாப்போடு ரோட்டில் ஓட்டி, லோடு உள்ளபோது பெட்ரோல் இன்ஜெக்ஷன் நேரம் (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம்) இரண்டு எரிபொருளிலும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துத் திருத்த வேண்டும். இதைச் செய்யாவிட்டால் கலவை மெலிந்து (எரிபொருள் குறைந்து, காற்று கூடி), அதைக் காட்டும் பி0171 கோடு விழுந்து செக் எஞ்சின் விளக்கு எரியும். விளக்கை அழித்துக்கொண்டே ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வும் சீட்டும் தேயும். பெட்ரோலைப் போல வாயு வால்வைக் குளிரவைப்பதில்லை. ஸ்பார்க் பிளக் இடைவெளியை 0.7 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைத்து, வழக்கத்தைவிட முன்னதாக மாற்றுங்கள். பழைய பிளக், பழைய காயில் பெட்ரோலில் சமாளிக்கும், வாயுவில் மிஸ்ஃபயர் காட்டிக்கொடுத்துவிடும். பேக்ஃபயர் (இன்டேக் பக்கமாக வாயு வெடிப்பது) வந்தால் முதலில் உடைவது ஏர் ஃபில்டர் பெட்டி. அதனால் கிட் மாட்டும் முன் வண்டி பெட்ரோலில் சுத்தமாக ஓடுகிறதா, கம்ப்ரெஷன் (உள்ளே உண்டாகும் அழுத்தம்) நான்கு எஞ்சின் சிலிண்டரிலும் சரியா என்று பார்த்துவிட வேண்டும். நோயாளி எஞ்சினுக்கு இந்தக் கிட் மருந்தல்ல.

சரி, குமரி ரோட்டில் எப்படி ஓடுகிறது?

நாகர்கோவில் – திருவனந்தபுரம் ஓட்டம்தான் இதற்கு ஏற்ற இடம். வாயுச் சிலிண்டருக்கு 10 கிலோ கொள்ளளவு என்று சொல்வார்கள். நல்ல அழுத்தத்தில் கையில் கிடைப்பது 8 முதல் 9. அது 180 கிலோமீட்டர் சுற்று வரும். விமான நிலையம் போய்த் திரும்ப 140 கிலோமீட்டர் அளவு, ஆக ஒரு நிரப்பலில் ஒரு டிரிப் முடிகிறது. சிக்கல் பங்கில் இருக்கிறது. குழாய் எட்டாத பங்குகளுக்கு வாயு லாரியில் கேஸ்கேட் சிலிண்டர்களாக (ஒன்றாக இணைத்த பெரிய சிலிண்டர்களின் தொகுதியாக) வருகிறது. லாரி வந்த புதிதில் அழுத்தம் நன்றாக இருக்கும். பத்துப் பதினைந்து வண்டி பிடித்த பிறகு இறங்கிவிடும். அப்போது உங்கள் சிலிண்டரில் ஐந்து கிலோதான் ஏறும், ரசீதும் ஐந்து கிலோவுக்குத்தான், ஆனால் வரிசையில் நின்ற நேரம் திரும்ப வராது. கடும் வெயிலில் சிலிண்டர் சூடாக இருந்தாலும் நிரப்பல் குறையும். லாரி வரும் நேரத்தைப் பங்க் பையனிடம் கேட்டு வைத்துக்கொண்டு அதற்கேற்ப டிரிப்பைத் தள்ளி வைப்பதே டிரைவர்கள் கண்ட வழி.

விமான நிலைய ஓட்டத்துக்கு ஒரு பெரிய குறை: டிக்கி போச்சு. வளைகுடாவிலிருந்து வருகிறவர் கொண்டுவரும் கட்டிய அட்டைப்பெட்டிகளை எங்கே வைப்பது? மேலே கேரியர் மாட்டினால் காற்றுத் தடை கூடி மைலேஜில் ஒரு பகுதி போகும். 65 கிலோ சிலிண்டர், குடும்பம், பெட்டிகள் எல்லாம் சேர்ந்தால் பின் ஸ்பிரிங் உட்கார்ந்து, மார்த்தாண்டத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பள்ளத்திலும் அடிவாங்கும். புதுக் கார் வாங்கும் எண்ணம் இருந்தால் கம்பெனியே இரட்டைச் சிலிண்டர் வைத்துத் தரும் மாடல்களைப் பாருங்கள். டாடா 2023-இல் ஆல்ட்ரோஸில் கொண்டுவந்த இந்த ஏற்பாட்டை ஹூண்டாயும் பிறகு எக்ஸ்டரில் எடுத்துக்கொண்டது. டிக்கித் தரைக்குக் கீழே இரண்டு 30 லிட்டர் சிலிண்டர் படுத்துக்கொள்வதால் பெட்டி வைக்க இடம் மிஞ்சும். இந்த ஒரு விஷயத்தில் வெளிக் கிட் தோற்றுவிடுகிறது.

ஏற்றத்தில் பிக்கப் பத்து சதவீதம் அளவுக்குக் குறையும். குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறை, ஆறுகாணிப் பக்கம் ஆள் நிறைத்து ஏறும்போது ஒரு கியர் இறக்கி ஓட்டுங்கள், அல்லது சுவிட்சைத் தட்டிப் பெட்ரோலுக்கு மாற்றுங்கள். மூன்றாம் கியரில் முக்கிக்கொண்டு ஏற்றுவது எஞ்சினுக்கு நல்லதல்ல. தென்மேற்குப் பருவக்காற்று நாளில் திருநெல்வேலியிலிருந்து திரும்பும்போது ஆரல்வாய்மொழிக் கணவாயில் எதிர்க்காற்று. முப்பந்தல் காற்றாலைகளுக்கு லாபமாக வருகிற அதே காற்று நம் வாயுக் கணக்கைச் சாப்பிடும். அந்த டிரிப் மைலேஜை வைத்துக் கிட்டைக் குறை சொல்ல வேண்டாம்.

கடற்கரைக்காரர்களுக்குத் தனி எச்சரிக்கை. குளச்சல், முட்டம், மணக்குடி பகுதிகளில் உப்புக்காற்று வண்டியின் அடியில் போகும் ஹை பிரஷர் குழாயையும் சிலிண்டர் தாங்கியின் போல்ட்டுகளையும் முதலில் பிடிக்கும். சிலிண்டரைக் கட்டும் பட்டைக்கும் இரும்புக்கும் நடுவே உள்ள ரப்பர், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துரு அங்கேதான் குழி விழும், வெளியே தெரியாது. மழை முடிந்ததும் ஒருமுறை பட்டையைத் தளர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் விட்டுக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. சிலிண்டரின் மேல் வெல்டிங், சூடு காட்டிப் பெயின்ட் எதுவும் கூடவே கூடாது.

பெட்ரோல் டேங்கைக் காயவிடுவது பலர் செய்யும் காரியம். பல கிட்டுகளில் வாயுவில் ஓடும்போதும் பெட்ரோல் பம்ப் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அதைக் குளிரவைப்பது பெட்ரோல். டேங்கில் எப்போதும் கால்வாசியாவது இருக்கட்டும். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்; எத்தனால் ஈரம் இழுக்கும். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் மாதக்கணக்கில் அதே பெட்ரோலைத் தேக்கி வைத்தால் தண்ணீர் அடியில் பிரிந்து நிற்கலாம். வாரத்துக்கு இருபது கிலோமீட்டர் பெட்ரோலில் ஓட்டினால் இன்ஜெக்டரும் அடைக்காது, பெட்ரோலும் புதுசாக இருக்கும்.

காகித வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். பி.எஸ்.6 பெட்ரோல் கார்களிலும் கிட் மாட்ட 2022 முதல் அனுமதி உண்டு, ஆனால் உங்கள் மாடலுக்கு அந்தக் கிட் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். சான்றிதழ் நகலைப் பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். டி.என்.74 ஆனால் நாகர்கோவில், டி.என்.75 ஆனால் மார்த்தாண்டம் அலுவலகத்தில் ஆர்.சி.யில் எரிபொருளை மாற்றிப் பதிய வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதித் தர வேண்டும். சொந்தச் சேதப் பகுதிக்குக் கிட் மதிப்பில் 4 சதவீதமும், மூன்றாம் நபர் பகுதிக்கு 60 ரூபாயும் கூடும். இந்தச் சில்லறையை மிச்சம் பிடிக்கப் போய் விபத்தில் கிளெய்மை இழப்பவர்கள் இருக்கிறார்கள். வாரண்டி பாக்கியுள்ள காரில் வெளிக் கிட் மாட்டினால் எஞ்சின் வாரண்டியை மறந்துவிடுங்கள். வீட்டுச் சமையல் சிலிண்டரைக் காரில் வைத்து ஓட்டுவது இதன் மலிவுப் பதிப்பல்ல, குற்றம். கசிந்தால் சமையல் வாயு காற்றைவிடக் கனமாகத் தரையில் தேங்கும், சி.என்.ஜி.யோ மேலே போய்விடும்.

மின்சாரக் கார் வரட்டும் என்று காத்திருக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தினம் நூறு கிலோமீட்டருக்குள் ஓடி, இரவு சொந்த வீட்டு முற்றத்தில் நிறுத்துகிறவர் காத்திருக்கலாம், கிட்டுக்குச் செலவழிக்க வேண்டாம். நடுராத்திரியில் விமான நிலையம், காலையில் சூரிய உதயம் பார்க்க வந்தவர்களோடு திற்பரப்பு என்று ஓடும் டாக்ஸிக்கு, கையிலிருக்கும் வண்டி இன்னும் நாலைந்து வருடம் ஓட வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளிக்குத்தான் இந்தக் கிட்.

கிட் மாட்டிய பழைய காரை வாங்குகிறவர் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: ஆர்.சி.யில் சி.என்.ஜி. பதிவு, சிலிண்டர் எண்ணோடு கூடிய கம்ப்ளையன்ஸ் பிளேட் (கிட் விதிப்படி மாட்டப்பட்டது என்று காட்டும் தகடு), மூன்று வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய ஹைட்ரோ டெஸ்ட் சான்று. டெஸ்ட் தேதி தாண்டிய சிலிண்டருக்கு விதிப்படி பங்கில் வாயு பிடிக்கக் கூடாது. அதைச் சொல்லி விலையில் ஐயாயிரமாவது குறைக்கலாம்.