மறதிநோய் ஆய்வைத் திட்டமிடும்போது முதியோரை எப்படிச் சேர்ப்பது: மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

டிமென்ஷியா எனப்படும் மறதிநோயுடன் உலகில் 5.5 கோடிக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள் என்றும், அவர்களில் 60 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் இருக்கிறார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆய்வுகளோ பெரும்பாலும் வேறு இடங்களில்தான் நடந்துவந்திருக்கின்றன. 1998இல் கொச்சியில் உருவான 10/66 ஆய்வுக் குழு தன் பெயரிலேயே இந்தக் குறையைப் பதிந்துகொண்டது: நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வாழும் நாடுகளில், மக்கள்தொகை சார்ந்த ஆய்வுகளில் 10 விழுக்காடோ அதற்கும் குறைவாகவோதான் நடந்தன. இதே இடைவெளி ஒரே நாட்டுக்குள்ளும் உண்டு. அமெரிக்காவில் வயது முதிர்ந்த கறுப்பின மக்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு வெள்ளையரைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்று மதிப்பிடப்படுகிறது. ஆயினும், 2023இல் அங்கே முழு ஒப்புதல் பெற்ற லெகனெமாப் என்ற அல்சைமர் (மறதிநோயின் மிகப் பரவலான வகை) மருந்தின் முதன்மைச் சோதனையில் பங்கேற்ற ஏறத்தாழ 1,800 பேரில் கறுப்பினத்தவர் 3 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை.

ஆள் சேர்க்கும் கட்டத்தில் இதைச் சரிசெய்ய முயல்வது காலம் கடந்த வேலை என்பதே என் கருத்து. எதை ஆராய்வது, எதை முன்னேற்றம் என்று அளப்பது, எந்தச் சொல்லால் கேட்பது என்பனவெல்லாம் அதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன. ஆகவே பலதரப்பட்ட முதியோர் திட்டமிடும் கட்டத்திலேயே உள்ளே வர வேண்டும். அதற்கு இன்று மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன: பரந்த கருத்துக்கேட்பு, நிலையான ஆலோசனைக் குழு, முதியோர் கூடும் இடத்துக்கே சென்று உரையாடுவது.

கருத்துக்கேட்பின் வலிமை அதன் வீச்சு. பிரிட்டனில் ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ் அமைப்பும் அல்சைமர்ஸ் சொசைட்டியும் சேர்ந்து, மறதிநோயில் எதை முதலில் ஆராய வேண்டும் என்று கேட்டு நடத்திய முன்னுரிமைத் திட்டத்தில் 1,563 படிவங்கள் வழியாக 4,116 கேள்விகள் வந்து சேர்ந்தன. அவற்றில் ஏற்கெனவே விடை கிடைத்தவை நீக்கப்பட்டு, மீதமுள்ளவை படிப்படியாகச் சுருக்கப்பட்டு, இறுதியில் பத்து கேள்விகள் தேர்வாயின. நிதி வழங்கும் ஓர் அமைப்பின் முன் இத்தகைய பட்டியலை வைக்கும்போது அதற்கு ஒரு கனம் இருக்கிறது. ஓர் ஆய்வாளரின் தனிப்பட்ட விருப்பம் என்று அதை எவரும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் படிவம் என்பது படிக்கவும் எழுதவும் தெரிந்தவரையும், தனக்கு இந்த நோய் இருப்பதாக ஏற்றுக்கொண்டவரையும் மட்டுமே தேடிச் செல்லும். நோய் கண்டறியப்படாமல், 'வயதானால் இப்படித்தான்' என்ற நம்பிக்கையோடு வாழும் பெருந்திரளை அது தொடுவதே இல்லை.

இறுதிக் கட்டத்தில் நடக்கும் தரவரிசைக் கூட்டத்திலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சுவரில் ஒட்டிய தாள்களில் வண்ணப் பொட்டுகளை ஒட்டி வாக்களிக்கச் சொல்லும் முறை பரவலாக இருக்கிறது. அப்படி ஒரு கூட்டத்தில், கைத்தடியோடு வந்திருந்த ஒரு பெரியவர் தமக்குக் கொடுத்த ஐந்து பொட்டுகளையும் தம் நாற்காலிக்கு அருகிலிருந்த தாளிலேயே ஒட்டிவிட்டு அமர்ந்ததைப் பார்த்தேன். அந்தத் தாளின் தலைப்பு அவருக்கு அவ்வளவு முக்கியமா என்று கேட்டபோது, மற்றவை எட்டாத தூரத்தில் இருக்கின்றன என்றார். எண்ணிக்கையில் அது ஐந்து வாக்குகளாகவே பதிவானது. அந்தத் தலைப்புகளைச் சிறு அட்டைகளில் எழுதி, ஒரு தட்டில் வைத்து ஒவ்வொருவரிடமும் கொண்டுபோயிருந்தால் போதும். ஆனால் அதை யோசிப்பதற்கும் அத்தகைய ஒருவர் முன்கூட்டியே எங்களோடு இருந்திருக்க வேண்டும்.

நிலையான ஆலோசனைக் குழு இந்தக் குறையைத் தீர்க்கிறது. ஸ்காட்லாந்தில் 2002இல் மறதிநோய் உள்ளவர்களே அமைத்துக்கொண்ட செயற்குழுவும், அல்சைமர் யூரோப் அமைப்பு 2012இல் தொடங்கிய ஐரோப்பியச் செயற்குழுவும் இதற்கு நல்ல முன்மாதிரிகள். மாதக்கணக்கில் பழகிய உறுப்பினர்களுக்கு ஆய்வாளரைக் குறுக்கிட்டுக் கேட்கும் துணிவு வருகிறது. ஒப்புதல் படிவத்தின் ஒரு வாக்கியம் அச்சமூட்டுகிறது, பரிசோதனை பிற்பகல் நான்கு மணிக்கு இருந்தால் களைத்த மனம் ஒத்துழைக்காது என்பன போன்ற நுணுக்கமான திருத்தங்கள் இங்கிருந்துதான் வருகின்றன. ஆவணங்களைச் செப்பனிடுவதற்கு இதைவிடச் சிறந்த வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்தால் மனம் நெருடுகிறது. நோயின் தொடக்க நிலையில் இருப்பவர், நன்கு பேசக்கூடியவர், அலுவலகக் கூட்டங்களில் பழகியவர், பயணம் செய்ய முடிந்தவர் ஆகியோரே பெரும்பாலும் நிலைக்கிறார்கள். சிறுபான்மைச் சமூகத்திலிருந்து வரும் ஒரே உறுப்பினரிடம் அச்சமூகம் முழுவதற்குமான பதிலை எதிர்பார்ப்பது அவருக்கு இழைக்கும் அநீதி. நோய் முற்றும்போது உறுப்பினர் விலக நேர்வதையும், அவரை மரியாதையோடு வழியனுப்புவதையும் பல குழுக்கள் திட்டமிடுவதே இல்லை.

மூன்றாவது வழியில் ஆய்வாளர் எழுந்து செல்ல வேண்டும். வழிபாட்டு இடம், முதியோர் மன்றம், மருந்து வாங்கும் வரிசை என்று அவர்கள் ஏற்கெனவே கூடும் இடங்களில், அவர்களுடைய மொழியில், அவர்கள் நம்பும் ஒருவரின் துணையோடு பேச வேண்டும். இதில் கிடைப்பது வேறு வகையான அறிவு. முதலில் சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஜப்பானில் இந்நோயைக் குறித்து வழங்கிவந்த 'சிஹோ' என்ற சொல் அறிவிழந்தவர் என்ற இழிபொருளைத் தாங்கியிருந்ததால், 2004இல் அரசே அதைக் கைவிட்டு 'நின்சிஷோ' என்ற சொல்லை ஏற்றது. தாம் பயன்படுத்தும் சொல்லைக் கேட்டவுடனேயே ஒரு குடும்பம் கதவைச் சாத்திக்கொள்ளும் என்பது ஆய்வாளருக்குப் படிவத்தின் வழியே தெரியவராது. முற்றத்தில் உட்கார்ந்து பேசும்போது முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

அளவுகோல்களின் கதையும் இதுவே. 1975இல் வெளியாகி உலகெங்கும் பரவிய எம்.எம்.எஸ்.இ. என்ற சிறு மனநிலைத் தேர்வு, 100இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்கிறது. ஒரு சொல்லைப் பின்னிருந்து எழுத்துக்கூட்டச் சொல்கிறது. ஒரு வாக்கியம் எழுதச் சொல்கிறது. பள்ளிக்கே போகாத ஒருவர் இதில் குறைந்த மதிப்பெண் பெற்றால், அது மூளையின் குறையா பள்ளி கிடைக்காத குறையா என்பதை அந்த எண் சொல்லாது. 10/66 குழு கல்வியின் தாக்கம் குறைவான கண்டறியும் முறையை உருவாக்கப் பல நாடுகளில் உழைத்ததற்கு இதுவே காரணம். கணக்குக் கேட்டதும் கூனிக்குறுகிப் போகும் ஒரு மூதாட்டியைத் திட்டமிடும்போதே சந்தித்த ஆய்வாளர், தம் ஆய்வின் அளவுகோலை இரண்டாம் முறை யோசிக்காமல் இருக்க மாட்டார்.

இந்த வழிக்கு விலை அதிகம். நம்பிக்கை வர மாதங்கள் ஆகும். மொழிபெயர்ப்பாளருக்கும் உள்ளூர் இணைப்பாளருக்கும் ஊதியம் வேண்டும். பேச்சிலிருந்து ஆய்வுக் கேள்வியைப் பிரித்தெடுப்பதற்குத் தனித் திறமை வேண்டும். நிதியோ பெரும்பாலும் திட்டம் ஏற்கப்பட்ட பிறகுதான் கிடைக்கிறது. வந்து கேட்டவர் திரும்பி வராமலே போனால், அடுத்து வருபவருக்கும் அந்த இடம் மூடிவிடும்.

பராமரிப்பவரிடம் மட்டும் கேட்டுவிட்டு முதியவரிடமும் கேட்டதாகக் கொள்வதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. இரவுத் தூக்கமின்மையை எப்படிச் சமாளிப்பது என்று மகள் கேட்பதும், தனியாகக் கடைக்குப் போவதை எத்தனை நாள் தொடரலாம் என்று தாய் கேட்பதும் வெவ்வேறு ஆய்வுகள்; இரண்டுமே தேவை.

மூன்றில் எதை முதலில் வைப்பது என்று கேட்டால், தயங்காமல் உரையாடலைத்தான் சொல்வேன். கேள்வி இன்னும் எழுதப்படாத நேரத்தில் அதை மாற்றும் வலிமை அதற்கு மட்டுமே இருக்கிறது. அந்த உரையாடல்களில் அறிமுகமானவர்களைக் கொண்டே குழுவை அமைத்தால், குழுவின் முகமும் மாறும். கருத்துக்கேட்பைக் கடைசியில் வைக்கலாம். சிலரிடம் கேட்டது பலருக்கும் பொருந்துகிறதா என்று சரிபார்க்க அது உதவும். பயணப்படியையும் மதிப்பூதியத்தையும் கூட்டம் முடிந்த கையோடு கொடுத்துவிட வேண்டும். ரசீது அனுப்பிக் காத்திருங்கள் என்றால் ஏழை முதியவர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்.

நிதி விண்ணப்பத்துக்கு மூன்றே வாரம் இருக்கும் நிலையில் மட்டும் நான் இந்த வரிசையை மாற்றுவேன். அவசரமாக ஒரு சமூகத்துக்குள் போய்த் தகவலை அள்ளிக்கொண்டு வருவதைவிட, ஏற்கெனவே இயங்கும் ஒரு குழுவிடம் வரைவைக் காட்டிவிட்டு, யாருடைய குரல் இதில் இல்லை என்பதை விண்ணப்பத்திலேயே எழுதி, அவர்களைச் சந்திப்பதற்கான முதல் ஆறு மாதத்தையும் அதற்கான தொகையையும் வெளிப்படையாகக் கேட்பது நல்லது.