நினைப்பை அடக்குவதா, சேர்ந்து கிண்டுவதா?

"திருநெல்வேலியா? அருவா வச்சிருக்கீங்களா?" வெளியூரில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆனால் வண்ணார்பேட்டையில் அல்வா போடும் அண்ணாச்சி, வேலைக்கு வந்த பீகார் பையனைப் பார்த்து "இவன் எத்தனை நாள் நிப்பானோ" என்றபோது நானும்தான் தலையாட்டினேன்.

சரி, என்ன செய்யலாம்? ஊரை வைத்து ஆளை எடைபோடும் அந்த நினைப்பை அடக்கிப் பார்க்கலாம். 1994-இல் உளவியலாளர் மேக்ரே குழுவினர் மொட்டைத்தலை இளைஞன் ஒருவனின் படத்தைக் காட்டி (அங்கே 'ஸ்கின்ஹெட்' என்றால் முரடன் என்று நினைப்பு), அவனுடைய ஒரு நாளைப் பற்றி எழுதச் சொன்னார்கள்; பாதிப் பேரிடம் மட்டும் முன்முடிவு கலக்காமல் எழுதச் சொன்னார்கள். எழுதினார்கள். அடுத்து இன்னொரு மொட்டைத்தலையின் படம்; அதற்கு அந்தத் தடை இல்லை. அடக்கியவர்களின் எழுத்தில்தான் முன்முடிவு அதிகம். இன்னொரு சோதனையில், அப்படி அடக்கியவர்கள் அவன் பொருட்கள் இருந்த நாற்காலியைவிட்டு மற்றவர்களைவிடத் தள்ளியே உட்கார்ந்தார்கள்.

இன்னொரு வழி உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-இல் சொன்னது: வேறு வேறு கூட்டத்தார் பழகினால் முன்முடிவு குறையும், ஆனால் அதற்குச் சில வேண்டும் — சமமான இடம், ஒரே இலக்கு, கூட்டுவேலை, மேலே இருப்பவரின் ஆதரவு. மெதுவாகத்தான் பலிக்கும், ஆனாலும் என் ஓட்டு இதற்கே. சும்மா பக்கத்தில் இருந்தால் போதாது. பையன் பாத்திரம் கழுவியவரை ஒன்றும் மாறவில்லை. அப்புறம் கோதுமைப் பாலை அவன் கிண்ட, அண்ணாச்சி நெய் ஊற்ற, ஒரே சட்டிமுன் நின்றார்கள்.

"நெய் பிரியுது அண்ணாச்சி, இறக்கிரலாம்."

அண்ணாச்சி மறுபேச்சில்லாமல் இறக்கினார்.