சில்வர் ஓக்கா, காப்பிக் கட்டையா, வேலிகாத்தானா? ஏற்காட்டில் விறகு வாங்கிய கதை

சேலத்தில் இருந்தவரை எங்களுக்கு விறகு என்றால் பொங்கலன்று மட்டும்தான். ஏற்காட்டுக்குக் குடிவந்த பிறகு தினமும் விடிகாலையில் கொல்லைப்புற வெந்நீர் அடுப்பு எரிந்தாக வேண்டும். மார்கழி, தையில் அந்த அடுப்போரம்தான் குளிர்காயும் இடமும். மூன்று வருடத்தில் மூன்று வகை விறகு வாங்கிப் பார்த்துவிட்டேன். இப்போது என் கட்சி வேலிகாத்தான், அதாவது சீமைக்கருவேலம். மலையில் வெட்டியதல்ல, கீழே சேலத்து வெயிலில் காய்ந்து, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தது.

முதல் வருடம் சில்வர் ஓக். காப்பிக்கு நிழலாகவும் மிளகுக் கொடி ஏறவும் எஸ்டேட்களில் வைத்திருக்கும் மரம் என்பதால் கிளை கழிக்கும்போதெல்லாம் கிடைக்கும். விலை குறைவு, கோடாலி போட்டால் நேராகப் பிளக்கும், காய்ந்திருந்தால் சட்டென்று பற்றும். அதே வேகத்தில் தீர்ந்தும் போகும், தணல் நிற்காது.

நான் ஏமாந்தது "காய்ந்திருந்தால்" என்ற இடத்தில். புரட்டாசியில் ஒரு டன் இறக்கினேன். "மூணு மாசத்துல காஞ்சிடுங்க" என்றார் கொடுத்தவர். ஐப்பசி மழையும் பனிமூட்டமும் சூழ்ந்த ஊரில் எங்கே காய்வது? நானும் கெட்டிக்காரத்தனமாகத் தார்ப்பாயை நாலு பக்கமும் இழுத்துக் கட்டினேன். தையில் பிரித்தால் கட்டையெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம், அடுக்குக்கு நடுவே ஒரு தேள். அந்த விறகு எரிந்ததைவிடப் புகைந்ததுதான் அதிகம்.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். விறகை எடைக்கு வாங்குகிறோம். புதிதாக வெட்டிய மரத்தில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். அப்படிப் பார்த்தால் ஒரு டன் ஈர விறகில் மரம் 500 கிலோதான். நன்றாகக் காய்ந்ததில் ஈரம் 20 சதவீதம் என்று வைத்தாலும் ஒரு டன்னில் 800 கிலோ மரம் இருக்கிறது. ஆக, காய்ந்தது ஒன்றரை மடங்கு விலை என்றாலும் நஷ்டமில்லை. இது போக, ஈரக் கட்டையிலுள்ள ஒவ்வொரு லிட்டர் தண்ணீரையும் ஆவியாக்க 600 கிலோ கலோரிக்கு மேல் வீணாகிறது. அண்டாவில் இருக்கும் தண்ணீர் சுடுவதற்கு முன்னால் கட்டையில் இருக்கும் தண்ணீர் சுட வேண்டும்! காய்ந்த நிலையில் ஒரு கிலோவுக்கு எந்த மரமும் தரும் சூட்டில் பெரிய வித்தியாசமில்லை. எந்த மரம் என்பதைவிட எங்கே காய்ந்த மரம் என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்குச் சேலம் மண்டியில் கோடை முழுக்க வெயிலில் கிடந்த வேலிகாத்தான்தான் பதில். கனமான கட்டை, நின்று எரியும், நல்ல தணல். முதல் ஆள் குளித்துவிட்டுப் போன பிறகு புதுக் கட்டை வைக்காமலே இரண்டாவது அண்டா சுடுகிறது. குறையும் உண்டு. முள் கையைப் பதம் பார்க்கும். காய்ந்த பிறகு பிளப்பது பெரும்பாடு, அதனால் மண்டியிலேயே பிளந்து வாங்கிவிட வேண்டும். மலையேற்றத்துக்கான வண்டி வாடகை அரை லோடுக்கும் முழு லோடுக்கும் ஒன்றேதான். பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து எடுத்தால்தான் கட்டுப்படியாகிறது.

காப்பிக் கட்டையை ஒரே ஒரு சீசன்தான் எரித்திருக்கிறேன், அதனால் அடித்துப் பேச மாட்டேன். பிடுங்கிப் போட்ட பழைய செடிகளின் தண்டு. கெட்டியானது, கைப்பிடி அளவே பருமன் என்பதால் பிளக்கும் வேலையில்லை. ஆனால் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற பூச்சி தாக்கியதால் பிடுங்கிய செடியாக இருந்தால் விஷயம் வேறு. புழு உள்ளேயே இருந்து, அடுக்கி வைத்த கட்டையிலிருந்து வண்டாக வெளியே பறக்கும். அக்கம்பக்கம் முழுக்க காப்பித் தோட்டம் இருக்கும்போது அதை வீட்டில் சேர்த்து வைப்பது தோட்டக்காரர்கள் வயிற்றில் அடிப்பது மாதிரி. உடனே எரித்துவிட வேண்டும். சேர்த்து வைத்து எரிக்கும் வீட்டுக்கு அது ஒத்துவராது.

காய்ந்த விறகும் இங்கே வந்தபின் ஈரம் வாங்கும் என்பதால் அடுக்கும் முறையை மாற்றினேன். தரையிலிருந்து இரண்டு செங்கல் உயரம், சுவருக்கும் அடுக்குக்கும் இடையில் ஒரு சாண், தார்ப்பாய் தலைக்கு மட்டும். பக்கவாட்டில் காற்று போக வேண்டும். நாளைக்கு வேண்டிய கட்டை இன்றே அடுப்போரம் வந்துவிடும். வாங்கும்போது இரண்டு கட்டையைத் தட்டிப் பார்க்கிறேன்: கணீரென்றால் காய்ந்தது, மொத்தென்றால் ஈரம். வெட்டு முனையில் வெடிப்பு ஓடியிருக்க வேண்டும்.

சில்வர் ஓக்கை ஒரேயடியாக விடவில்லை. மாசியில் கொஞ்சமாக வாங்கி, சிராய் சிராயாகப் பிளந்து வெயிலில் போட்டுவிடுகிறேன், பற்றவைப்பதற்கு மட்டும். வேலிகாத்தான் லோடு இந்த வருடமும் வைகாசிக்குள் மேலே வந்துவிடும்.