வெளிமாநிலப் பல்கலைக்கழகத்துக்கு ஏஜெண்ட் மூலம் பணம் கட்டப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு நெல்லை, தென்காசிப் பக்கத்துப் பெற்றோருக்கு போன் வர ஆரம்பித்துவிடும். பிள்ளையின் பெயர், குரூப், மார்க் எல்லாம் அவர்கள் கையில் இருக்கும். என் அக்காவுக்கும் அப்படித்தான் வந்தது. அக்கா மகளுக்கு இயற்பியலில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்ஸி. படிக்க ஆசை. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தை மனதில் வைத்து, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் (CUET) நுழைவுத் தேர்வும் எழுதியிருந்தாள்.

பாளையங்கோட்டையில் இருந்த அந்த அட்மிஷன் ஆபீசுக்கு அக்காவும் அத்தானும் போனபோது நானும் கூட இருந்தேன். அங்கே இருந்தவர் பேச்சில் அவ்வளவு பணிவு. "அண்ணாச்சி, ஹைதராபாத்துல இருக்கது கவர்மெண்ட் யுனிவர்சிட்டி. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் சீட்டு. வெளி ஸ்டேட்டுன்னா நமக்கு பிரைவேட்தான் வழி" என்றார். பக்கத்து மாநிலத்துத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றைச் சொல்லி, கடைசி இரண்டு சீட்டுதான் இருக்கிறது, இன்றைக்கே 60,000 ரூபாய் டோக்கன் போட்டால் பிடித்து வைக்கலாம் என்றார். அந்தப் பணத்தோடு ஒரிஜினல் டி.சி.யும் மார்க் ஷீட்டும் வாங்கிக்கொண்டார்.

அவர் சொன்னது பச்சைப் பொய். ஹைதராபாத் பல்கலைக்கழகம் 1974-இல் நாடாளுமன்றச் சட்டப்படி வந்த மத்தியப் பல்கலைக்கழகம். அங்கே நம்ம தென்காசிப் பிள்ளைக்கும் செகந்திராபாத் பிள்ளைக்கும் ஒரே ரேங்க் பட்டியல், ஒரே கட்டணம். சொந்த மாநிலத்தவருக்கு முன்னுரிமை என்பதெல்லாம் பெரும்பாலும் மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில்தான். இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிட்டால் ஏஜெண்டுக்குப் பிழைப்பு இல்லை. க்யூட் வழியாகப் போகிற பிள்ளையால் அவருக்கு ஒரு பைசா கமிஷன் கிடையாது.

ரசீதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், இதே மாதிரி உங்களுக்கும் தருவார்கள். மேலே அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தின் சின்னம் பெரிதாக அச்சடித்திருந்தது. பணம் பெற்றவர் என்ற இடத்தில் மட்டும் ஏஜென்சியின் பெயர். உள்ளே சேர்க்கைக்கு 20,000, ஆலோசனைச் சேவைக்கு 40,000 என்று பிரித்திருந்தார்கள். அடியில் எறும்பு சைஸ் எழுத்தில் 'சேவைக் கட்டணம் திருப்பித் தரப்படாது'. ஆபீசில் பேசும்போது சேவைக் கட்டணம் என்ற பேச்சே எழவில்லை.

அப்புறம் அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தைத் திறந்து பார்த்தால் கட்டணம் இரண்டு விதமாகப் போட்டிருந்தது: அந்த மாநிலப் பிள்ளைகளுக்கு ஒன்று, வெளிமாநிலத்தவருக்கு ஒன்று. ஏஜெண்ட் எங்களிடம் சொன்னது முதலாவது. நமக்கு வருவது ஆண்டுக்கு 85,000 ரூபாய் கூடுதல். ஐந்து வருஷத்துக்கு 4,25,000 ரூபாய், ஹாஸ்டலும் மெஸ்ஸும் சேர்க்காமல்! அத்தான் ஓட்டுவது ஒரு சின்ன மளிகைக் கடை.

வேண்டாம் என்று முடிவெடுத்து சர்டிபிகேட்டைக் கேட்டோம். முதல் வருஷக் கட்டணம் முழுவதையும் கட்டினால்தான் டி.சி. என்றார்கள். இங்கேதான் நிறையப் பேர் பயந்து பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். கட்டாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி 2018 அக்டோபரில் தெளிவாக அறிவித்திருக்கிறது: ஒரிஜினலைச் சரிபார்த்த உடனே திருப்பித் தந்துவிட வேண்டும், கையில் வைத்துக்கொள்ளக் கூடாது. சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வரும். 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் மட்டும்தான் பிடிக்கலாம். நாள் போகப் போக 90, 80, 50 சதவீதம் என்று குறையும். கடைசி நாள் முடிந்து 30 நாள் தாண்டினால் ஒன்றும் கிடையாது. அதனால் வாய்ப்பேச்சில் நாளைக் கடத்த விடாதீர்கள்.

இந்த அறிவிப்பைக் குறிப்பிட்டு நேராகப் பல்கலைக்கழகப் பதிவாளருக்குப் பதிவுத் தபால் அனுப்பினோம். டி.சி. வந்தது, 19,000 ரூபாயும் வந்தது. ஏஜெண்ட் எடுத்த 40,000 வரவில்லை. நெல்லை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். ஆனால் அதற்குள் ஹைதராபாத் கவுன்சலிங் முடிந்துவிட்டது. எனக்கு ஆறாத கோபம் அதில்தான். பணத்தை எப்படியும் சம்பாதித்துவிடலாம், படிக்கிற பிள்ளையிடம் உனக்கு அங்கே இடமே இல்லை என்று சொல்லி ஒரு வாய்ப்பைத் திருடியிருக்கிறார்கள். இப்போது இங்கேயே பி.எஸ்ஸி. சேர்ந்திருக்கிறாள், எம்.எஸ்ஸி.க்கு மறுபடியும் ஹைதராபாத்தைத்தான் சொல்கிறாள்.

நல்ல தனியார் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. சேர்வதாக இருந்தால் படிப்பு முடியும் வரைக்குமான வெளிமாநிலக் கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். பணத்தைப் பல்கலைக்கழகத்தின் சொந்தக் கணக்கில் மட்டும் கட்டுங்கள். இன்ஜினியரிங் என்றால் இன்னொன்றும் உண்டு: முதல் பட்டதாரி சலுகையும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் தமிழ்நாட்டுக் கவுன்சலிங்கில் சேர்ந்தால்தான் கிடைக்கும், எல்லை தாண்டினால் இரண்டும் போச்சு.

மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு முயற்சி செய்கிற பிசி, எம்பிசி பிள்ளைகளுக்கு நம்ம சாதிச் சான்றிதழ் போதாது. மத்திய ஓபிசி பட்டியலில் உங்கள் சாதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வராதவர் என்ற ஓபிசி சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். பெரும்பாலும் அந்த நிதியாண்டில் வாங்கியதைத்தான் கேட்பார்கள். ஏப்ரல் பிறந்ததும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள், தாலுகா ஆபீசில் ஜூன் மாதம் கூட்டம் தாங்காது.