ஷார்ஜாவில் நான், ராமநாதபுரத்தில் கேஸ்: வக்கீல் சேவை எப்படி?

ராமநாதபுரத்தில் எனக்காக வழக்கு நடத்தும் வக்கீலம்மாவைப் பற்றி எழுதச் சொல்லி, இங்கே இருக்கும் நம்ம ஊர்ப் பையன்கள் ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். பெயரைப் போட மாட்டேன். வக்கீல்கள் விளம்பரம் செய்யக்கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது, என்னால் அவருக்குத் தொல்லை வேண்டாம். எப்படி வேலை பார்க்கிறார், எவ்வளவு வாங்குகிறார், எதில் கடுப்பேற்றுகிறார் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

விஷயம் இதுதான். பெரியபட்டினத்துக்குப் பக்கத்தில் வாப்பா வாங்கிப் போட்ட இடம், பாதி தென்னை, மீதி பார்க்க ஆளில்லாமல் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. பக்கத்து இடத்துக்காரர் கம்பி வேலியை நம்ம பக்கம் தள்ளிப் போட்டுவிட்டார். அதற்கு வேறொரு வக்கீல் மூலம் கேஸ் போட்டோம், அவர் போன் செய்யும்போதெல்லாம் "வாய்தா போட்டிருக்கு தம்பி, பாத்துக்கலாம்" என்பார், அதைக் கேட்டுக்கொண்டு பணமும் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மச்சான் சும்மா இருக்க மாட்டாமல் வழக்கு நிலவரம் காட்டும் இ-கோர்ட்ஸ் ஆப்பில் எங்கள் வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். நம்பரை (ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனியாக உள்ள அடையாள எண்) போட்டுப் பார்த்து ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறார்: வாதி தரப்பில் யாரும் ஆஜராகாததால் வழக்கு தள்ளுபடி. வக்கீலுக்குக் கடைசியாக அனுப்பிய ஃபீஸ் தள்ளுபடிக்குப் பிறகு போனது. யாராக இருந்தாலும் கேஸ் போட்ட உடனே அந்த சி.என்.ஆர். நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், "பாத்துக்கலாம்" என்பதை நீங்களே பார்த்துக்கொள்ள அதுதான் சுலபமான வழி.

அடுத்து ஆள் தேடினோம். வெளிநாட்டுத் தமிழர் சொத்துக்கென்றே கடை விரித்திருக்கும் ஒரு சென்னை ஏஜென்சி, இடத்தின் மதிப்பில் சதவீதம் கேட்டது. வழக்கில் கிடைப்பதில் பங்கு பேசுவதற்கு வக்கீலுக்கு அனுமதியே கிடையாது, அதனால் நடுவில் ஏஜென்சி என்று ஒரு பெயர். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ராத்தா (அக்கா) வீட்டுப் பக்கம் ஒருவர் சொல்லித்தான் இந்த வக்கீலம்மா கிடைத்தார். பணம் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் (இடத்தின் சர்வே வரைபடம்) எல்லாவற்றையும் அனுப்பச் சொன்னார், படித்துவிட்டு ஒரு வாரம் கழித்துத்தான் போனே செய்தார். தள்ளுபடியான வழக்கைத் திரும்பக் கோப்புக்கு எடுக்க 30 நாளுக்குள் மனு போட வேண்டுமாம், எங்களுக்கு அது தாண்டிப் போயிருந்தது. "தாமதத்தை மன்னிக்கச் சொல்லி சேர்த்து ஒரு மனு போடலாம் தம்பி. கோர்ட் ஏத்துக்கிட்டா உண்டு, இல்லேன்னா இல்லை. எதிர்த்தரப்புக்குச் செலவுத் தொகை கட்டச் சொன்னாலும் சொல்லுவாங்க." சொன்னபடியே தொகை கட்டச் சொன்னார்கள், கட்டினோம், வழக்கு உயிரோடு வந்தது. நடுவில் பழையவர், பாக்கி கொடுத்தால்தான் கேஸ் கட்டைத் தருவேன் என்று பிடித்து வைத்தார். ஃபீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். வக்கீலம்மா ஒரு கடிதம் போட்டார், கட்டு வந்துவிட்டது.

ஊரில் எனக்குப் பதிலாக மச்சான் கேஸைப் பார்த்துக்கொள்ள எழுதிய பவர் பத்திரத்தில்தான் எனக்கு இவர் மேல் முழு நம்பிக்கை வந்தது. நம்ம ஆட்கள் முக்கால்வாசிப் பேர் எல்லா அதிகாரமும் கொடுக்கும் ஜெனரல் பவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு தலையில் கை வைப்பார்கள். இவர் அனுப்பிய வாசகத்தில் சர்வே நம்பர், இந்த ஒரு வழக்கு, அவ்வளவுதான். விற்க, அடமானம் வைக்க அதிகாரம் கிடையாது. மச்சான் நல்லவராச்சே என்றேன். "பத்திரத்துல நல்லவர்னு எழுத இடமில்லையே தம்பி" என்றார் (மச்சான் இதைப் படிப்பார், படிக்கட்டும்). துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்தைச் சான்று செய்து அசலை கூரியரில் அனுப்பினேன். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டியாக வேண்டும். ராமநாதபுரம் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அந்த வேலையை அவருடைய குமாஸ்தாவே மச்சானைக் கூட்டிப்போய் முடித்தார்.

கமிஷனர் வந்த அன்றைக்கு நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். இடத்தைப் பார்த்து அறிக்கை கொடுக்க கோர்ட் ஒரு வக்கீல் கமிஷனரைப் போட்டது, கூட சர்வேயர். கருவேலத்தை ஜே.சி.பி. வைத்து ஒரே நாளில் வழித்துவிடலாம் என்று மச்சான் கிளம்பினார். கூடவே கூடாது, எல்லைக் கல் புரண்டுவிட்டால் கேஸே புரண்டுவிடும், கோர்ட்டில் சொல்லிவிட்டு ஆள் வைத்து அரிவாளால் வெட்டுங்கள் என்றுவிட்டார் வக்கீலம்மா. அன்று குமாஸ்தா அண்ணன் போனைத் தூக்கிப் பிடித்தபடி வீடியோவில் காட்டிக்கொண்டே நடக்கிறார், முள் அவர் வேட்டியைக் கிழிக்கிறது, சர்வேயர் ஒரு மூலைக் கல்லிலிருந்து டேப் பிடித்து வந்து "இங்க தோண்டுங்க" என்கிறார். மண்வெட்டி நாலு வெட்டு போட்டதும் டங்கென்று சத்தம். ஒரு முழ ஆழத்தில் சர்வே கல், வேலியைத் தாண்டி பக்கத்து இடத்துக்காரர் பக்கம். நான் ஆபீஸ் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து கத்தியதில் வாட்ச்மேன் ஓடி வந்துவிட்டார்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் அன்று சாயங்காலமே குமாஸ்தாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்துவிடும்: என்ன நடந்தது, அடுத்த தேதி எது, நாம் செய்ய வேண்டியது என்ன. எதிர்த்தரப்பு கமிஷனர் அறிக்கைக்கு ஆட்சேபணை போட்டதைக்கூட மறைக்காமல் சொன்னார்கள். நான் காசு கொடுப்பதே இதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

குறையும் உண்டு. ஃபீஸ் 75,000 ரூபாய், நாலு தவணை, ரசீது உண்டு. ராம்நாட்டுக்கு இது கொஞ்சம் அதிகம்தான். கமிஷனர் செலவு தனி, டைப்பிங் ஜெராக்ஸ் தனி, அந்த ஜெராக்ஸ் கணக்கு மட்டும் துண்டுச் சீட்டில் மொத்தத் தொகையாக வரும், விவரம் கேட்டால் குமாஸ்தா முகம் சுளிப்பார். வக்கீலம்மா பகலில் போனை எடுக்கவே மாட்டார். யூடியூபில் பார்த்த சட்டத்தை அனுப்பினால் திட்டு விழும், எனக்கு விழுந்திருக்கிறது.

இப்போது சாட்சி விசாரணைக்கு நிற்கிறது. பவர் ஏஜென்ட் அவருக்கு நேரடியாகத் தெரிந்ததைத்தான் சொல்ல முடியும், வாப்பா காலத்து அனுபோகத்தை (இடத்தை நாங்கள் அனுபவித்து வந்ததை) சொல்ல நான்தான் கூண்டில் ஏற வேண்டுமாம். மே மாதம் சிவில் கோர்ட்டுக்கு விடுமுறை, அப்போது லீவில் போனால் மாம்பழம் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான், அதனால் நவம்பருக்கு லீவு கேட்டிருக்கிறேன்.

கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கம் இடப் பிரச்சினை உள்ளவர்கள் கேட்டால் நம்பரைத் தனியாகத் தருகிறேன். தொண்டி, திருவாடானைப் பக்கத்துக் கேஸ் என்றால் கேட்க வேண்டாம், அந்தக் கோர்ட்டுக்கு அவர் போவதில்லை.