குதிரைக்கால் ஐஸ் பூட்டு: நம்ம ஊரு வெக்கைக்கு கொள்ளாமா?

மொதல்லயே சொல்லிருதேன், குதிரைக்க காலைச் சுத்தி கட்டுற, இந்த ஜெல் வச்ச ஐஸ் பூட்டு (boot) மோசமான சாமான் இல்ல, ஆனா விளம்பரத்துல போட்டிருக்க மாதிரி ஜவ்வு கிழிஞ்ச காலை நேராக்குற சாமானும் இல்ல. கம்பெனி பேரு வேண்டாம், ஆன்லைன்ல இதே அச்சுல நாலஞ்சு பேருல விக்காவ, உள்ள கெடக்கது எல்லாத்துலயும் அதே நீல ஜெல்லுதான். ஜோடி 4000 ரூவாக்கு பக்கத்துல ஆச்சு.

வாங்குனது எனக்க மார்வாரிங்கிற ராஜஸ்தான் ஜாதி பொட்டைக் குதிரைக்கு. அந்தியூர் ஆடிச் சந்தையில எடுத்த குதிரை, நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து சொத்தவிளை கடற்கரை மணல்ல ஓடிட்டு வந்த அன்னைக்கு சாயங்காலம் முன்னங்காலு முட்டிக்குக் கீழ பின்பக்கம் வீங்கி, தொட்டா சூடு. டாக்டர் ஸ்கேன் வச்சு பாத்துட்டு சஸ்பென்சரி லிகமென்ட் பாதி கிழிஞ்சிருக்குன்னு சொன்னாரு. அது எதுன்னு தெரியாதவங்களுக்கு: முட்டிக்குப் பின்னால இருந்து கெளம்பி எலும்பை ஒட்டியே எறங்கி கணுவுக்கு மேல ரெண்டா பிரிஞ்சு பிடிக்கிற ஜவ்வு, குதிரைக்க கணு தரையில போயி இடிக்காம தூளி மாதிரி தாங்குறது இதுதான். காஞ்ச மணல்ல கொளம்பு புதையப் புதைய இந்த ஜவ்வுக்கு இழுவை கூடும். அதனாலதான் பழைய ஆளுங்க குதிரைய அலை நனைச்சு எறுகுன மணல் ஓரமாவே ஓட்டுவாவ.

இனி பூட்டுக்கு வாறேன். ஐஸ் வைக்கிறதுக்க வேலையே அடிபட்ட மொத ரெண்டு மூணு நாளுதான், வீக்கத்தையும் சூட்டையும் அடக்க, ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிசம், நாளைக்கு பல தடவை. இந்த ஜெல்லு ஃப்ரீசர்ல இருந்து எடுத்ததும் கல்லு மாதிரி இருக்கும், காலை வளைஞ்சு பிடிக்காது, அங்கங்க தொடும் அங்கங்க எடவெளி விட்டு நிக்கும், அது கொஞ்சம் எளகி காலோட ஒட்டி உக்காரும்போது பாத்தா நம்ம ஊரு புழுக்கத்துல பாதி குளிரு போயாச்சு. கூடவே இன்னொன்னு, ஃப்ரீசருக்குள்ள மைனஸ் 18 வரைக்கும் போகும், அப்படியே தோலு மேல கட்டினா தோலு பொள்ளிரும், அடியில மெல்லிசா ஒரு துணி சுத்தணும், சுத்தினா உள்ள போற குளிரு இன்னும் கொறையும். கரண்டு வேற நெனச்ச நேரம் போகும். இதுல நாளைக்கு பல தடவை எங்க வைக்க?

ஆனா நமக்கு இதை விட நல்லதா ஒண்ணு பக்கத்துலயே கெடக்கு கேட்டீளா, ஹார்பர் ஐஸ். சின்னமுட்டம், முட்டம், குளச்சல் எங்க போனாலும் மீனுக்கு கட்டை ஐஸை மெஷின்ல பொடிச்சு தருவாவ. கெட்டிப் பாலித்தீன் பையில பொடி ஐஸும் நல்லதண்ணியும் பாதிக்குப் பாதி போட்டு, குதிரைக்க காலை அதுக்குள்ள எறக்கி முட்டிக்குக் கீழ லேசா கட்டி நிப்பாட்டினா, தண்ணி காலைச் சுத்தி எடவெளி விடாம பிடிக்கும். ஐஸ் கெடக்குற வரை பூஜ்யம் டிகிரி பக்கத்துலயே நிக்கும், அதுக்குக் கீழ போகாது, பொள்ளவும் செய்யாது. கடல் தண்ணி ஊத்தாண்டாம், உப்பு சேந்தா பூஜ்யத்துக்கும் கீழ எறங்கும். மொத தடவை ஐஸ் கேட்டு போனப்போ மெஷின்ல நின்ன அண்ணாச்சி, "என்ன மக்கா, குதிரைய பெட்டியில அடுக்கி கேரளத்துக்கா அனுப்பப் போற?"ன்னு கேட்டுட்டு ஒரு கூடை கூடவே போட்டாரு. காலுல புண்ணு கிண்ணு இருந்தா மீன் ஐஸ் நேரடியா படாண்டாம், அதை தனிப் பையில கட்டி வைங்க. முடிஞ்சதும் காலை நல்லா தொடச்சு காய விடணும், எப்பவும் ஈரமா இருந்தா குதிகாலுக்கு மேல தோலு வெடிக்கும்.

பூட்டுல கொள்ளாம்னு சொல்லக்கூடியது தையலு. கெட்டி, இவ்வளவு நாளு ஆகியும் நூலு விடல. ஜெல்லு பாக்கெட்டை உருவிட்டு அந்த எடத்துல பொடி ஐஸ் பாக்கெட் சொருகி கட்டினா குளிரு நல்லாவே நிக்குது, இப்ப எனக்க பூட்டு அப்படித்தான் ஓடுது. சைஸ்தான் தலவலி. ஃபுல் சைஸ் வெளிநாட்டு கனத்த குதிரைக்கு உள்ளது, மார்வாரி காலு மெலிசு, சுத்திக்கிட்டே கீழ எறங்கும், அதை விட சின்னதான காப் (cob) சைஸ் எடுங்க. வெல்க்ரோவுல மணலு ஏறினா பிடிக்காது, பழைய டூத் பிரஸ் வச்சு கோதணும். ஐஸ் தீந்த பெறவு பூட்டை காலுல விட்டுராதீங்க, அந்த ரப்பர் துணி சூட்டை உள்ளயே பூட்டி வைக்கும், நாம கொறைச்ச சூடு திரும்ப ஏறும்.

அப்புறம் தைலம். நம்ம மாவட்டத்துல வைத்தியம் பாக்குற ஆசான்மாருக்கு கொறைவில்ல, மனுசனுக்கு சுளுக்குன்னா தைலம் போட்டு உருவுற பழக்கத்துல குதிரைக்கும் சுடச்சுட எண்ணெய் போட்டு தடவ வந்துருவாவ. வீக்கமும் சூடும் இருக்கும்போது அது ஆகாது, வீக்கம் இன்னும் கூடும். மாத்திரையும் அப்படித்தான், மெடிக்கல்ல கேட்டு மனுசன் மாத்திரைய பொடிச்சு தவிட்டுல கலக்காதீங்க. டைக்ளோஃபெனாக்கை மாட்டுக்கும் மத்த கால்நடைக்கும் குடுக்கக் கூடாதுன்னு 2006லயே தடை போட்டாச்சு, அந்த மருந்து ஏறிச் செத்த மாட்டைத் தின்னு கழுகுங்க கொத்துக்கொத்தா செத்ததுதான் காரணம். குதிரைக்கு வலி மருந்து எது, எத்தனை நாளுங்கிறதை டாக்டர் சொல்லட்டும், கூடிப்போனா வயித்துல புண்ணாக்கிரும். டாக்டர் யாரும் கிடைக்கலன்னா 1962க்கு அடிச்சு கேளுங்க, கால்நடை ஆம்புலன்ஸ் நம்பரு.

உண்மையில காலை தேத்துறது நாளுதான், அதை எந்தக் கம்பெனியும் பெட்டியில போட்டு விக்கல. ஆறுல இருந்து ஒம்பது மாசம், மோசமா கிழிஞ்சிருந்தா வருசம் கூட ஆகும். லாயத்துல கட்டிப்போட்டு, டாக்டர் சொன்ன பெறவு கயிறு பிடிச்சு கெட்டித் தரையில 5, 10 நிமிச நடை, பெறவு வாரம் போகப் போக அஞ்சஞ்சு நிமிசமா கூட்டணும். சும்மா நிக்கிற குதிரைக்கு கொள்ளும் தானியமும் பழைய அளவுல போட்டா வயிறு பிடிக்கும், துள்ளலும் ஏறும், அதைக் கொறைச்சு புல்லைக் கூட்டுங்க. நல்ல காலையும் தெனமும் தொட்டுப் பாக்கணும், பாரம் பூரா அதுலதான். லாடம் அடிக்கிறவர்கிட்ட கொளம்பு முன்பக்கம் நீளமா விடாண்டாம்னு சொல்லிருங்க, முன்னால நீண்டு குதிகால் தாழ்ந்தா ஜவ்வு இழுத்துக்கிட்டே நிக்கும்.

ஐஸ் பூட்டு விளம்பரத்துல எனக்கு கோவம் வாறது இங்கதான். வீக்கம் வடிஞ்சு நொண்டல் நின்னதும் "குணமாச்சு"ன்னு ஒரு குதிரை ஓடுற படம் போட்டிருக்கான். நொண்டல் நிக்கிறது ரொம்ப சீக்கிரம் நிக்கும், ஜவ்வுல நாரு கூடி சேருறதுக்கு அதுக்கு அப்புறமும் மாசக்கணக்கு ஆகும், அது ஸ்கேன்லதான் தெரியும், வெளிய தெரியாது. சபரிமலை சீசன்ல கன்னியாகுமரியில கூட்டம் வரும், ரெண்டு காசு வரும்னு பாதியில சவாரிக்கு எறக்கினா அதே எடம் திரும்ப கிழியும், ரெண்டாவது கிழிசல் மொதல்ல உள்ளதை விட மோசம்.

5க்கு 3 ஸ்டார். ஒரு ஸ்டார் தையலுக்கு, ஒண்ணு ஐஸ் பாக்கெட் சொருக எடம் விட்டதுக்கு, ஒண்ணு திருப்பி அனுப்புன ஃபுல் சைஸை மறுபேச்சு இல்லாம மாத்தித் தந்ததுக்கு. ஜெல்லு இல்லாம வெறும் பூட்டா 2000 ரூவாக்குள்ள குடுத்தா 4 போடுவேன்.