நயாகரா ரெயின்போ பாலம்: நடக்கிறதென்றால் பின்னேரம், காரென்றால் வேறு பாலம்

கோடை பிறந்தால் ரொறன்ரோவுக்கு வரும் விருந்தினர் தவறாமல் கேட்பது: "அந்தப் பாலத்தால நடந்தே அமெரிக்காவுக்குப் போகலாமாமே?" போகலாம். எத்தனை மணிக்குப் போவது என்பதை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. இந்தப் பாலத்தில் மனிதரை வெறுப்பேற்றுவதே அதுதான்.

நடைபாதை தெற்குப் பக்கம், அருவியைப் பார்த்தபடி இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் நடுப்பகலில் சூரியனும் அதே தெற்கில்தான் நிற்கும். கண் கூசும், படத்தில் அருவி வெறும் வெள்ளைப் புகையாக விழும். வானவில் தெரிய வேண்டுமென்றால் வெயில் நமக்கு முதுகுப்பக்கம் இருக்க வேண்டும். மதியத்தில் இந்தப் பாலத்தில் அது நடக்காது. பெயர் என்னவோ வானவில் பாலம்! பேருந்தில் வரும் கூட்டம் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் வந்து சேர்கிறது. கோடையில் ஐந்து, ஆறு மணிக்குப் பிறகு வெயில் மேற்கே சாய்ந்ததும் அமெரிக்க அருவியின் முகம் முழுக்க வெளிச்சம் விழும். அப்போது போங்கள். தென்மேற்குக் காற்றென்றால் சாரல் பாலம்வரை வரும். லென்ஸ் துடைக்கத் துணி வேண்டும். குளிர்காலத்தில் அதே சாரல் உறைந்தால் கால் வழுக்கும்.

உயரத்தைக் குறை சொல்ல முடியாது. 950 அடி எஃகு வளைவு, ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லை, தண்ணீர் 202 அடி கீழே. முன்பிருந்த பாலத்தின் அடித்தாங்கிகள் நீர்மட்டத்தை ஒட்டியே இருந்தன. 1938 ஜனவரியில் ஆற்றில் குவிந்த பனிக்கட்டி அவற்றை நெருக்க, பாலமே சரிந்து விழுந்தது. அதனால்தான் 1941இல் திறந்த இந்தப் பாலத்தின் தாங்கிகளைக் கரையில் 50 அடி மேலே ஏற்றி வைத்தார்கள்.

கனடாப் பக்கமிருந்து நடப்பவர் சுழல்கதவில் ஒரு டொலர் போட வேண்டும். சில்லறை கையில் இருக்கட்டும். கார்களுக்கோ கட்டணம் மறுதிசையில், கனடாவுக்குள் வரும்போது! ஏன் இந்தக் கோணல் என்று கேட்டுப் பயனில்லை. நடுவிலுள்ள எல்லைப் பலகையோடு திரும்பினாலும் கனடா எல்லை அதிகாரியிடம் கடவுச்சீட்டைக் காட்டாமல் வெளியே வர முடியாது. கனடாக் குடியுரிமை இல்லாமல் நிரந்தர வதிவிட அட்டை மட்டும் வைத்திருப்பவர் கடவுச்சீட்டில் அமெரிக்க விசா இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அமெரிக்காவுக்குள் நுழையும் வெளிநாட்டவரின் வருகைப் பதிவான I-94 படிவம் தேவைப்படுபவர் அதை ஏழு நாள் முன்னதாகவே இணையத்தில் நிரப்பலாம்.

காரில் போவதென்றால் இந்தப் பாலமே வேண்டாம். லொறிகளுக்கு இடமில்லாத பாலம்தான், ஆனாலும் விடுமுறை நாளில் வரிசை நகராது. ஓட்டுபவருக்கு முன்னால் போகும் வண்டியின் பின்பக்கம்தான் காட்சி. வடக்கே குயின்ஸ்டன்–லூயிஸ்டன் பாலத்தைப் பிடியுங்கள். முன்கூட்டியே சரிபார்க்கப்பட்ட பயணிகளுக்குக் கொடுக்கும் நெக்சஸ் அட்டை இருந்தால் வேர்ள்பூல் பாலம் இன்னும் கிட்ட.